மைதீன் கல்லுக்கு இந்தப் பக்கம்

பாகிஸ்தான் எல்லை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், வேலந்தாவளத்தில் இருக்கிறது என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாலக்காடு மாவட்ட ஸ்பெஷல் பிராஞ்சில், வெளிநாட்டவர் பிரிவில் வேலை பார்த்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். அந்த எல்லையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டி ஒரு மயிலைக் காளை ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதச் சொன்னது இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள். வெளிநாட்டுக்காரர் லாட்ஜில் பையை இறக்கி வைப்பதற்குள் அவருடைய விவரம் இவர்களுடைய கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. போன மாதம் ஆபீஸுக்குப் போயிருந்தபோது ஒரு பெண், "அப்போ நீங்கள்லாம் என்னதான் சார் செஞ்சீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம். எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்தோமா? நடந்தோம் அம்மா. போய்ப் பார்த்தோம். அதுதான் வேலை.

என் பெயர் ஹனீபா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்குத் துணிக்கடை. வீட்டில் தமிழ், கல்லாவில் மலையாளம். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நான் போலீசில் சேர்ந்ததில் துளியும் இஷ்டமில்லை. "மீட்டர் கோல் புடிக்க வேண்டிய கையில லத்தியா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் வெகுநாள் பேசவில்லை. பயிற்சியில் ஓடினேன், குதித்தேன், வாந்தி எடுத்தேன், பாஸானேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஆலீஸ் மேடத்தைப் பற்றி.

குமுளியில் நான் கொஞ்ச காலம் இருந்தபோது அவர் எனக்கு இன்ஸ்பெக்டர். பிற்பாடு பாலக்காட்டில் ஸ்பெஷல் பிராஞ்ச் டிஒய்எஸ்பி ஆகி வந்தபோதும் அவருக்குக் கீழேதான் இருந்தேன். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ரிப்போர்ட் சொல்ல வந்தால் எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருவார். வேர்த்துக் கொட்டும். சொல்ல வந்தவன் கதையடிக்காமல் சட்டென்று முடிப்பான். முடித்ததும் ஒரே கேள்விதான் வரும்.

"கண்டதோ, கேட்டதோ?"

நீ பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா? கேட்டது என்றால் ரிப்போர்ட் இல்லை. திரும்பிப் போக வேண்டும்.

குமுளியிலேயே அதற்கு ஒரு பாடம் கிடைத்தது. அப்போது வடக்கே ஒரு நகரத்தில் புகுந்து சுட்டிருந்தார்கள். அனுப்பியது பக்கத்து நாட்டு அரசாங்கத்தின் ஆட்கள் என்று நம் அரசு சொன்னது, அவர்கள் இல்லை என்றார்கள், பேச்சுவார்த்தைகள் நின்றன. தூதர்கள் அளவில் நடந்த சண்டை ஒரே வாரத்தில் மலையேறி குமுளிக்கு வந்துவிட்டது. ஏலக்காய்க் கடைவீதியில் ஒரு பாகிஸ்தானி சுற்றுகிறான் என்று ஊரே பேசியது. ஜீப் ஓட்டும் செல்லத்துரை என்னிடம் ஓடி வந்தான். எஸ்டேட்டில் பிறந்தவன், பேச்சில் தெக்கத்தி வாடை.

"சார், ஆளு அந்த நாட்டுக்காரன்தான். கம்பத்துக்கு எறங்குற ரோட்டுல ஒவ்வொரு வளைவா நின்னு போட்டோ புடிக்கான். நம்ம பயலுவ எல்லாம் பாத்துருக்கானுவ."

"நீ பாத்தியா?"

"நான் எங்க சார் பாத்தேன், சவாரி போயிருந்தேம்லா."

நேரே மேடத்திடம் போனேன். விசிறி நின்றது. கேள்வி வந்தது. "கேட்டது மேடம்" என்றேன். "எங்கில் போயி கண்டிட்டு வா." அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார். போய் அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். லூதியானாவில் ஸ்வெட்டர் வியாபாரம் செய்யும் மனிதர். புது மனைவியோடு தேனிலவு. பஸ்ஸில் மலையேறியதில் அந்தப் பெண்ணுக்கு மயக்கம், லாட்ஜில் படுத்திருக்கிறாள். எப்படிப்பட்ட ரோட்டில் கூட்டிப் போனாய் என்று மாமியார் திட்டுகிறாராம், அவருக்குக் காட்டத்தான் வளைவு வளைவாகப் படம் எடுத்திருக்கிறார். "இந்த ஊரில் எல்லோரும் என்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?" என்று என்னிடமே கேட்டார். அன்றிலிருந்து நான் காதை நம்புவதில்லை.

இனி மைதீன் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். உறவில்லை, மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. என் சர்வீஸில் வேறு எத்தனையோ கேஸ் உண்டு. ஆனால் எனக்குத் தூக்கம் போன கேஸ் இது ஒன்றுதான்.

மைதீன் ராவுத்தர் பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மீசை முளைக்கும் வயதில் சொந்தக்காரர் ஒருவரோடு கராச்சிக்குப் போய் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இங்கிருந்து ரங்கூன், கொழும்பு, கராச்சி என்று பிழைக்கப் போகாத வீடு குறைவு. கொஞ்ச வருஷம் கழித்து, வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றார். கையில் பாஸ்போர்ட் வேண்டுமே? அங்கே கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்து கல்யாணம் செய்தார், பிள்ளை பெற்றார், பேரன் பேத்தி எடுத்தார். ஆனால் பாஸ்போர்ட் அந்த நாட்டுடையது என்பதால் சொந்த ஊரில் வெளிநாட்டுக்காரர். குடியுரிமை கேட்டுப் போட்ட மனு எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. நீண்டகால விசாவில் இருந்தார். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: அனுமதி இல்லாமல் பாலக்காடு மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது.

தொழில் என்ன தெரியுமா? மாட்டுத் தரகு. எங்கே? வேலந்தாவளம் வாரச் சந்தையில்! அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தை இந்தப் பக்கம், கேரளம். ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சந்தைக்கு வருகிற பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். எல்லையை யாரும் எல்லையாக நினைப்பதில்லை. பொடி வாங்கப் போவார்கள், வெற்றிலை வாங்க வருவார்கள்.

விசாக்காரர்களை வீட்டில் போய்ப் பார்த்து வருவது என் வேலைகளில் ஒன்று. வருஷக்கணக்காக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர் மனைவி ஜைனபா மாமி எனக்குத் தராத பலகாரம் இல்லை. மாமா பேச ஆரம்பித்தால் மாட்டின் சுழியிலிருந்து கராச்சி டீயில் பால் சேர்க்கும் பக்குவம் வரைக்கும் ஓடும். சந்தைக்கு மட்டும் நான் போனதில்லை. மாடு என்றால் எனக்குப் பயம்.

என் சர்வீஸின் கடைசிப் பகுதியில் அது நடந்தது. வடக்கே மலையில், புல்வெளியில், விடுமுறைக்குப் போயிருந்த குடும்பங்களின் நடுவே புகுந்து சுட்டுக் கொன்றார்கள். டிவியில் அந்தப் பெண்கள் அழுததைப் பார்த்து நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன். கொன்றவன் மேலும், அவனைத் தீனி போட்டு வளர்த்தவன் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நம் அரசு சும்மா இருக்கவில்லை. தூதரக அதிகாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள், எல்லைக் கதவைச் சாத்தினார்கள், அந்த நாட்டுக்காரர்களின் விசாவை ரத்து செய்தார்கள். அவர்களும் பதிலுக்குச் செய்தார்கள். நீண்டகால விசாவுக்கு விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனையை மீறியவர்களுக்கு விலக்கு கிடையாது.

உத்தரவு வந்த காலையில் மைதீன் மாமா வீட்டுக்குப் போனேன். ஜைனபா மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவர அனுப்பிப்போடுவாங்களா? அங்க இவருக்கு யாருங்க இருக்கறாங்க? ஒரு மருந்து எடுத்துக் குடுக்க ஆளில்லீங்க."

"விலக்கு இருக்குது மாமி. பயப்படாதீங்க."

மாமா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் சிரிக்கிற முகம், அன்றைக்குக் கறுத்துக் கிடந்தது. "சுட்டவன் எவனோ, எனக்குத் தெரியாதுங்க. அவன அனுப்பி வெச்ச கெவர்மெண்டோட முத்திரை என்ற பாஸ்போர்ட்டுல இருக்குது பாருங்க தம்பி, அதை நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டீங்குது. இந்தக் கையில நான் டீ மட்டுந்தான் ஆத்துனேன்" என்றார்.

இரண்டொரு நாளில் தலையில் இடி விழுந்தது. கொச்சியில் இருந்த மத்திய அரசின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். மைதீன் வாராவாரம் வேலந்தாவளம் பாலத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு மாடு கொண்டுபோய் விடுகிறான், விசா நிபந்தனையை மீறுகிறான் என்று. அங்கிருந்து திவாரி என்று ஓர் அதிகாரி நேரே வந்துவிட்டார். நிரூபணமானால் விசா ரத்து, வடக்கே எல்லைக்கு ரயில் ஏற்ற வேண்டும்.

எங்கள் ஆபீஸிலேயே ஒருத்தன் என் காதில் விழும்படி, "ஹனீபா தன்னோட ஆளை விட்டுக்கொடுப்பானா?" என்று மலையாளத்தில் சொன்னான். எழுந்து போய் அவன் மேஜை முன்னால் நின்று, "இன்னொரு தரம் சொல்லு" என்றேன். சொல்லவில்லை. ஆலீஸ் மேடம் என்னைக் கூப்பிட்டார். விசிறியை அணைத்தார்.

"ஹனீபே, நீ தன்னே போகணும். திவாரி சாரோடு. மைதீனிடம் ஒரு வாக்கு மிண்டருது. கண்டது மாத்திரம் எனிக்கு வேணும்."

நானே போக வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் பேசவில்லை. ஆனால் சந்தைக்கு முந்தின நாள் தனியாக வேலந்தாவளம் போய் விசாரித்தேன். வைக்கோல் விற்கிறவரைக் கேட்டேன். "மைதீன் பாயிங்களா? அவருதானுங்க எல்லா மாட்டையும் அக்கட்ட கொண்டுபோய் உடறது" என்றார். அக்கட்ட என்றால் அந்தப் பக்கம். வண்டிக்காரரைக் கேட்டேன், அதே பதில். தேங்காய்க் கடையில், "பாயி கைராசிக்காரருங்க, அவரு கடத்தி உட்டா மாடு நோவு நொடி இல்லாம நிக்குமுங்க" என்றார்கள். ஊரே சாட்சி சொல்கிறது! தினம் ஐந்து வேளை தொழுகிற மனிதர், இவ்வளவு காலம் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு, வாரம் தவறாமல் எல்லை தாண்டியிருக்கிறாரா? கோபம் வந்தது. அதைவிட மாமியின் முகம் வந்து நின்றது.

மறுநாள் காலை ஜீப்பில் போகும்போது திவாரி அதிகம் பேசவில்லை. இமயமலை அடிவாரத்துக்காரர். புல்வெளியில் செத்தவர்களில் ஒருவர் தன் ஊர்க்காரர் என்று மட்டும் இந்தியில் சொன்னார். அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் டூட்டிக்கு வந்தாராம். அந்த மனிதரைக் கெட்டவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பாலத்தின் அந்தக் கோடியில், தமிழ்நாட்டுப் பக்கம் நாங்கள் நின்றோம். வெயில் பிளந்தது. திவாரி ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் சற்றுத் தள்ளி, பாலத்தடி டீக்கடை வாசலில் நின்றேன். எதிரே சந்தை கொதித்தது. தூசி, சாணி வாடை, மணிச் சத்தம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள், வாலைத் தூக்கிப் பார்க்கிறவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியும் பச்சை பெல்ட்டுமாக மைதீன் மாமா. ஒரு விவசாயியின் கையைத் துண்டுக்குள் இழுத்து விரலால் விலை பேசிக்கொண்டிருந்தார். வாய் ஊர்க்கதை பேசுகிறது, துண்டுக்குள் விரல்கள் வியாபாரம் பேசுகின்றன. பேரம் படிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டின் கயிற்றைப் பிடித்தார். பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

திவாரி குடையை இறுக்கிப் பிடித்தார். நில்லு மாமா, நில்லு, என்று மனசுக்குள் கத்தினேன்.

நின்றார்! பாலம் தொடங்குகிற இடத்தில், எழுத்தெல்லாம் தேய்ந்த ஒரு பழைய மைல்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுவிட்டார். மாடு வாங்கியவர் அந்தப் பக்கத்திலிருந்து புதுக் கயிற்றோடு வந்தார். மாமா பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவரிடம் கொடுத்தார், புதுக் கயிற்றைக் கட்டி, மாட்டின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, வாங்கியவர் கையில் கொடுத்தார். திரும்பி நடந்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாடும் அப்படியே. அதற்கடுத்ததும். டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அது மைதீன் கல்லுங்க" என்றார் சாதாரணமாக. "பாயி கையில கயிறு வாங்கோணும்னா கல்லுக்குத்தான் போவோணும். அதாங்க இங்க பழக்கம். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க, நான் கடை போட்ட நாள்ல இருந்து அப்பிடித்தான்."

"நேத்து எல்லாரும் அக்கட்ட கொண்டுபோய் உடறாருன்னு சொன்னாங்களே!"

"அது பேச்சுக்குச் சொல்றதுங்க. மாடு அக்கட்ட வந்துருதில்லீங்களா?"

எனக்குக் கடையிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. விசா நிபந்தனையை வெளியே சொல்ல வெட்கப்பட்ட மனிதர், அதற்காக ஒரு வழக்கத்தையே உண்டாக்கி, ஒரு சந்தை முழுவதையும் அதற்குப் பழக்கிவிட்டிருக்கிறார். யாருக்கும் காரணம் தெரியாது. கைராசி என்று நினைத்துக்கொண்டு ஊரே கல்லுக்கு நடந்து வருகிறது.

திவாரிக்கு இன்னும் திருப்தியில்லை. சந்தை முடிகிற வரைக்கும் பார்ப்போம் என்று சைகை காட்டினார். சரி என்றேன்.

அப்போதுதான் அந்த மயிலைக் காளை வந்தது. காங்கேயம், நல்ல உயரம், திமிலைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம். கல்லடியில் பழைய கயிறு அவிழ்ந்துவிட்டது, புதுக் கயிறு இன்னும் கட்டு விழவில்லை. பாலத்தில் ஏறிய லாரி ஒன்று பலமாக ஹாரன் அடித்தது. காளை ஒரே உதறல்! மாமாவின் கையை விட்டுப் பாலத்தில் பாய்ந்தது. ஜனங்கள் சிதறினார்கள். லாரிக்காரன் அப்படியே நிறுத்திவிட்டான். நேரே ஓடி வந்த காளை கறுப்புக் குடையைக் கண்டதும் மிரண்டு நின்றது. தலையைத் தாழ்த்தியது. காலால் தரையைப் பறித்தது.

திவாரி செய்யக் கூடாததைச் செய்தார். குடையைக் கேடயம்போல் அதன் முகத்துக்கு நேரே நீட்டினார். பின்னால் பாலத்துச் சுவர். ஊரே கத்தியது. "கொடைய மடக்குங்க!" "ஓடாதீங்க!" "குட மடக்கு சாரே!" தமிழும் மலையாளமும் காதைப் பிளந்தன. அவருக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. எனக்கு இந்தி தெரியும், ஆனால் வாயில் எதுவும் வரவில்லை.

அப்போது கல்லடியிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"ஹில்னா மத், சாப்! சத்ரி பந்த் கரோ! சத்ரி பந்த் கரோ!"

அசையாதீர்கள், குடையை மூடுங்கள். மைதீன் மாமா! கராச்சி டீக்கடையில் படித்த பாஷை. அத்தனை கூச்சலிலும் திவாரிக்குப் புரிந்த ஒரே குரல் அதுதான். அந்தக் குரல் சொன்னபடி செய்தார். குடையை மூடினார். சிலையாக நின்றார். காளை மூச்சு விட்டது. பாலத்து முனையில் நின்று மாமா, "ப்பா... ப்பா... வாடா ராசா" என்று அதைக் கூப்பிட்டார். காளை காதைத் திருப்பியது.

ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் மாமாவே வந்து பிடித்திருப்பார். கல்லுக்குப் பக்கத்தில் அவருடைய கால் விரல்கள் மண்ணைக் கவ்விக்கொண்டு நின்றன. உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது, கால் மட்டும் நகரவில்லை. கண் என்னைத் தேடியது.

"தம்பி! நீங்க புடிங்க! பக்கவாட்டுல போங்க! மூக்கணாங்கயித்த மேல தூக்கிப் புடிங்க, இளுக்காதீங்க!"

நானா! துணிக்கடைக்காரர் மகன்! எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. போனேன். பிடித்தேன். மூக்கணாங்கயிறு கையில் சூடாக, ஈரமாக இருந்தது. "அப்பிடித்தான், அப்பிடித்தான், மெதுவா நடத்துங்க" என்று மாமாவின் குரல் என்னை இழுத்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே அந்த மலையைக் கல்வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். சந்தையே விசிலடித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் மாடு விற்றவர் ஆத்திரத்தில் மாமா மேல் பாய்ந்தார். "ஏனுங்க பாயி, ஒரு மனுசன் சாவக் கெடக்கறான், கல்லாட்ட நிக்கறீங்க? ஒரு எட்டு வெச்சா கொறஞ்சா போயிருவீங்க?" சுற்றி நின்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். மாமா தலை குனிந்து நின்றார். அவ்வளவு வருஷம் அந்தச் சந்தையில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திவாரி பாலத்தைத் தாண்டி வந்தார். சட்டையெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பு. இந்தி எங்கே கற்றாய் என்று கேட்டார்.

"கராச்சி, சாப்" என்றார் மாமா. மறைக்கவில்லை.

"ஏன் நீ வரவில்லை?"

மாமா கல்லைத் தொட்டுக் காட்டினார். "விசா, சாப்."

திவாரி அந்தக் கல்லைப் பார்த்தார், மாமாவின் காலைப் பார்த்தார், தான் வந்த பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குடையை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆபீஸில் ஆலீஸ் மேடம் விசிறியை அணைத்தார். நான் சொல்ல வாய் எடுத்தேன். மேடம் என்னைத் தடுத்துவிட்டு திவாரியைப் பார்த்துக் கேட்டார், வழக்கம்போல, மெதுவாக.

"கண்டதோ, கேட்டதோ?"

இந்தியில் மாற்றிச் சொன்னேன். அந்த வடக்கத்தி மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடத்தின் வார்த்தையையே திருப்பிச் சொன்னார். "கண்டது." என்ன கண்டார் என்பதையும் சொன்னார், ஒன்றுவிடாமல். மாமாவின் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷப் புதுப்பித்தலும் வந்தது. ஜைனபா மாமி எனக்குக் கொடுத்து அனுப்பிய பலகாரத்தை ஆபீஸில் எல்லோரும் சாப்பிட்டார்கள், என்னைச் சீண்டியவன் உட்பட.

புதுப்பித்த தகவலைச் சொல்ல நானே போனேன். மாமா சந்தோஷப்பட்டார். ஆனாலும் வாசல்வரை என்னோடு வந்து கேட்டார். "தம்பி, அன்னிக்கு நான் நின்னுபோட்டது செரிதானுங்களா? அந்த சாப்புக்கு ஒண்ணு ஆயிருந்தா?" எவனோ துப்பாக்கி கொடுத்து எவனையோ அனுப்புகிறான், அதற்காக வேலந்தாவளத்தில் ஒரு நல்ல மனிதன் ஓர் அடி எடுத்து வைக்கப் பயந்து நிற்கிறான். அங்கே நின்றுகொண்டு இருவருமே அழுதோம்.

கிளம்பும்போது பேச்சை மாற்றினார். "நீங்க அன்னிக்கு அக்கட்ட டீக்கடையில நின்னீங்களே, டீ குடிச்சீங்களா? எப்பிடிங்க இருக்கும்? இத்தன வருசமாப் பாத்துட்டே இருக்கறேனுங்க, ஆவி பறக்கறது தெரியும், ருசி தெரியாது." அன்று நான் குடிக்கவில்லை. டூட்டியில் இருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் சந்தைக்கு வேலந்தாவளம் போனேன். பென்ஷன்காரனை யார் கேட்பது? நேரே பாலத்தைத் தாண்டினேன். அந்தக் கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ வாங்கி, கண்ணாடி கிளாஸை வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டு பாலத்தில் திரும்பி வந்தேன். மைதீன் மாமா கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடக்கிய கறுப்புக் குடை. கிளாஸை நீட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாங்கினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே, "தூளப் போட்டு இப்பிடியா வேக உடறது? இந்த டீய கராச்சியில போட்டிருந்தா என்ற மொதலாளி கிளாஸோட மூஞ்சியில ஊத்தியிருப்பாரு. இதுக்கா நான் இத்தன வருசம் ஏங்குனேன்!"

சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அடியில் இருந்த சர்க்கரையைக்கூட ஆட்டிக் குடித்தார். பிறகு காலிக் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"போய் இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க தம்பி."

எனக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பாலத்தில் ஓடினேன்.